அடுப்புச் சூட்டில் ஓடிய காத்தாடி

எனக்குக் கரண்டு என்றால் பயம் கிடையாது. மோட்டாருக்குக் காயில் கட்டிப் பிழைக்கிறவன் அதற்குப் பயந்தால் வீட்டில் அடுப்பெரியாது. பாம்புக்கும் பெரிதாகப் பயப்பட மாட்டேன். வெற்றிலைக் கொடிக்காலுக்கு நடுவில் வீடு கட்டியிருக்கிறோம், அது பாட்டுக்கு வரும், போகும். ஆனால் மூடிய இடத்தில் கரி அடுப்பு ஒன்று புகையில்லாமல் கனன்றுகொண்டிருப்பதைப் பார்த்தால் இன்றைக்கும் எனக்கு உள்ளங்கை வேர்க்கிறது. போன மாதம் ஒரு கல்யாண மண்டபத்தில், மாப்பிள்ளை அறைக்குள் ஒருவர் கரிப் பெட்டியை வைத்துச் சட்டை தேய்த்துக்கொண்டிருந்தார். நான் யாரென்றுகூடச் சொல்லாமல் உள்ளே போய் இரண்டு ஜன்னலையும் திறந்துவிட்டு வந்தேன். எல்லோரும் ஒரு மாதிரி பார்த்தார்கள். பார்த்துவிட்டுப் போகட்டும்.

பரமத்தி வேலூரில் எனக்கு ஒரு ரீவைண்டிங் கடை. எரிந்துபோன பம்புசெட் மோட்டார்களைப் பிரித்துப் புதுக் கம்பி சுற்றிக் கொடுப்பது வேலை. வீடு ஆற்றோரமாகத் தள்ளி இருக்கிறது, கடையிலிருந்து வண்டியில் இருபது நிமிடம். வீட்டுக்குப் பின்னால் ஒரு நீளக் கொட்டகை. அது முழுக்க என் மனைவியின் ராஜ்ஜியம். நாட்டுக்கோழிக் குஞ்சுகளைப் பொரித்த மறுநாளே ஆயிரம் ஆயிரமாக வாங்கி வளர்த்து விற்கிறாள். கோழியைப் பற்றி எனக்குச் சாப்பிட மட்டும்தான் தெரியும்.

பொரிந்து ஒரே நாளான குஞ்சுக்குத் தாய் இல்லை. அந்தச் சூட்டை நாம்தான் கொடுக்க வேண்டும். முதல் பத்து நாள் கொட்டகையின் ஒரு மூலையைத் தகரத்தால் வட்டமாக அடைத்து, கீழே உமி பரப்பி, நான்கு பக்கமும் தார்ப்பாய்ப் படுதாவை இறக்கிவிடுவாள். மேலே பெரிய பல்புகள் எரியும். கரண்டு போனால் கரி அடுப்பு. எங்கள் வீடு லைனின் கடைசி. மாடு தும்மினால்கூட எங்களுக்குக் கரண்டு போய்விடும். அதனால் மழைக்காலத்தில் கரி அடுப்புதான் குஞ்சுகளுக்கு ஆத்தாள்.

முதலில் பயந்தது ஓர் ஐப்பசியில். மதியச் சாப்பாட்டுக்கு நான் வீட்டுக்கு வந்தபோது, என் மனைவி கொட்டகைக்கு வெளியே கல் தூணைப் பிடித்துக்கொண்டு குனிந்து நின்று வாந்தி எடுத்துக்கொண்டிருந்தாள்.

"என்ன அம்மணி, என்னாச்சு?"

"ஒண்ணுமில்லீங்க. தலை விண்ணு விண்ணுனு இடிக்குது. காத்தால வெறும் வயித்துல இருந்தனா, அதானுங்க."

பித்தமாக இருக்கும் என்று எலுமிச்சம்பழம் பிழிந்து கொடுத்தேன். குடித்துவிட்டு எழுந்தவள் நாலு எட்டு வைத்ததும் அப்படியே மடங்கி உட்கார்ந்தாள். வேலூருக்குத் தூக்கிக்கொண்டு போனேன். டாக்டர் எல்லாம் கேட்டுவிட்டு, படுதா போட்டிருந்தீர்களா, கரி போட்டிருந்தீர்களா என்று அந்த இரண்டையும் மட்டும் மறுபடி கேட்டார். "அது புகை இல்லீங்க, வாயு. கண்ணுக்கும் தெரியாது, மூக்குக்கும் தெரியாது. தூக்கம் வர்ற மாதிரி வரும். அப்படியே கொண்டு போயிரும். அந்தம்மா வெளிய வந்தது உங்க நல்ல நேரம்" என்றார். எலுமிச்சம்பழம் பிழிந்து கொடுத்த மடையன் நான்.

அதற்குப் பிறகு அவள் தானாகவே ஒரு வழக்கம் வைத்துக்கொண்டாள். அரை மணிக்கு ஒருமுறை வெளியே வந்து, கொடிக்கால் பக்கம் ஒரு நடை நடந்துவிட்டு உள்ளே போவாள். படுதாவைத் திறந்து வைக்கச் சொன்னால் கேட்க மாட்டாள். ஊதல் காற்று பட்டால் குஞ்சு சுருண்டுவிடுமாம். எனக்குக் கடையில் வேலை ஓடவில்லை. அவள் அரை மணியை மறந்துவிட்டால் என்ன செய்வது? உட்கார்ந்தபடி கண்ணை மூடிவிட்டால்? மோட்டாரின் ஸ்டேட்டர் கூட்டுக்குள் கம்பியை விட்டுக்கொண்டே அதையேதான் நினைத்துக்கொண்டிருப்பேன்.

அந்தப் பயத்தில்தான் அதைச் செய்தேன். அறிவாளித்தனம் காட்டச் செய்யவில்லை என்று என்னை நானே சமாதானப்படுத்திக்கொள்கிறேன். அது முழு உண்மை இல்லை.

சுற்றி முடித்த மோட்டாரை வார்னிஷில் முக்கி ஓவனில் வேகவைப்போம். ஓவனுக்குள் எவ்வளவு சூடு என்று பார்க்க ஒரு கம்பி உண்டு. கம்பி என்றாலும் இரண்டு விதமான உலோகத்தை நுனியில் ஒட்டியது. நுனியில் சூடு பட்டால் மறுமுனையில் துளி கரண்டு வரும், அதை வைத்து மீட்டர் சூட்டைக் காட்டும். காந்தம் இல்லை, சுற்றுகிற சாமான் இல்லை, எண்ணெய் இல்லை. சூடு நேராகக் கரண்டாகிறது. பல வருடமாகப் பார்த்துக்கொண்டிருந்த கம்பிதான். பயம் வந்த பிறகுதான் அதை ஒழுங்காகப் பார்த்தேன். அதே சங்கதியைப் பெரிதாகச் செய்கிற சில்லுகள் கிடைக்கின்றன என்று தெரிந்து வரவழைத்தேன். மேரி பிஸ்கட்டைச் சதுரமாக வெட்டிய மாதிரி வெள்ளைச் சில்லு, சிவப்பும் கறுப்புமாக இரண்டு ஒயர். ஒரு பக்கம் கொதிக்க வேண்டும், மறுபக்கம் குளிர்ந்திருக்க வேண்டும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் கரண்டு. வித்தியாசம் போனால் கரண்டும் போச்சு.

எண்ணெய் டிரம்மை வெட்டிய எங்கள் கரி அடுப்பின் ஒரு பக்கத்தில் தட்டையாக இரும்புத் தகடு வைத்து வெல்டு அடித்தேன். அதன்மேல் நாலு சில்லு. சில்லுகளின் வெளிப்பக்கத்தை அழுத்தினாற்போல ஓர் அலுமினியத் தொட்டி, போல்ட் போட்டு இறுக்கினேன். தொட்டியில் ஒரு குடம் தண்ணீர். அதுதான் குளிர்ந்த பக்கம். அடியில் ஒரு குழாய், சூடேறிய தண்ணீரை இறக்கிவிட்டு மாற்றுவதற்கு. வருகிற கரண்டில் லாரிக் கேபினில் வைக்கிற சின்னக் காத்தாடி ஒன்று. படுதாவில் ஓட்டை போட்டு, உள்காற்றை வெளியே தள்ளுகிற மாதிரி மாட்டினேன். கொட்டகையின் வெளிச்சுவரில் ஒரு சிவப்பு லைட். காத்தாடி ஓடினால் லைட் எரியும். ரோட்டிலிருந்து வாய்க்கால் மதகு திரும்பும்போதே தெரியும்.

முதல் நாள் கரி போட்டுக் கால் மணி நேரத்தில் காத்தாடி மெல்ல அசைந்து, பிறகு ஓட ஆரம்பித்தது. எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. வந்திருந்த மச்சினன், அவன் திருச்செங்கோட்டில் போர் போடுகிற ரிக் வண்டி ஓட்டுகிறவன், தலையைச் சொறிந்தான்.

"ஏனுங்க மாமா, ஒரு பேட்டரி வெச்சா முடிஞ்சு போற சோலிதானுங்களே இது?"

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. "பேட்டரிய யாரு சார்ஜ் பண்றது, உங்கப்பனா? மூணு நாளைக்குக் கரண்டு இல்லீன்னா உம்பட பேட்டரி செத்துக் கிடக்கும் மாப்ளே. இது அப்படியில்ல. அடுப்பு எரியற வரைக்கும் காத்தாடி ஓடும். அடுப்பு எரியலீன்னா காத்தாடி எதுக்கு வேணும்?"

எவ்வளவு சரியாகச் சொன்னோம் என்று எனக்கு ஒரே பெருமை.

அந்தப் பெருமையைக் கடையில் தினமும் காட்டினேன். மீதி இருந்த ஒரு சில்லை மேசையிலேயே வைத்திருந்தேன். பச்சைத் தண்ணீர் நிரப்பி மூடிய டிபன் டப்பா கீழே, அதன் மேல் சில்லு, சில்லின் மேல் கொதிக்கிற டீ டம்ளர். சின்ன லைட் பளிச்சென்று எரியும். மோட்டார் கொண்டுவருகிற விவசாயிக்குக் காட்டினேன். தீவனக் கடைக்காரருக்கு, லைன்மேனுக்கு, ஒரு தடவை மோட்டார் எடுக்க வந்த பூசாரிக்குக்கூட. "டீ ஆறட்டும், டப்பாத் தண்ணி சுடட்டும், ரெண்டும் ஒண்ணாகிப் போனா லைட் நின்னுரும் பாருங்க" என்று கடைசி வரை நின்று பார்க்கவைத்து அனுப்புவேன். பாதிப் பேர் டீயைக் குடிக்க விட்டால் போதும் என்று நின்றிருப்பார்கள்.

என் மனைவிக்கு அதைக் காட்டவில்லை. அவளுக்கு இதெல்லாம் எதற்கு என்று நினைத்தேனா, அவள் கேட்கவில்லை என்று விட்டேனா, இப்போது யோசித்தால் தெரியவில்லை. தொட்டித் தண்ணீரைக் காலையிலும் மதியமும் சாயங்காலமும் நானே மாற்றினேன். "நீ ஒண்ணையும் தொட வேண்டாம் அம்மணி, நான் பாத்துக்கறேன். இனி நீ அரை மணிக்கொருக்கா வெளிய ஓடியாரவும் வேண்டாம்" என்றேன். அவளுக்கும் நிம்மதி. காத்தாடிக்குப் பக்கத்திலேயே தீவன மூட்டையில் சாய்ந்து உட்கார்ந்துகொள்வாள்.

இன்னொன்றும் சொன்னேன். வந்து இறங்கிய குஞ்சுக்கு முதல் தண்ணீர் வெல்லத் தண்ணீர். அதுவும் வெதுவெதுப்பாக இருக்க வேண்டும், பச்சைத் தண்ணீர் ஆகாது. அதற்காக அவள் தனியாக விறகடுப்பு மூட்டுவாள். நான் தொட்டிக் குழாயைத் திறந்து அவள் கையில் தண்ணீரை விட்டேன். "பாத்தியா, வெதுவெதுனு வருது. காத்தாடிக்குக் காத்தாடியும் ஆச்சு, குஞ்சுக்கு வெந்நீரும் ஆச்சு. இனி நீ அடுப்பு மூட்ட வேண்டாம்." அவள் கையைத் தேய்த்துப் பார்த்து, "சரியான பதமா இருக்குதுங்க" என்று சிரித்தாள். அன்றைக்கு அவள் எடுத்த இரண்டு சொம்புக்குப் பதில் நான் பின்னாலேயே நின்று பச்சைத் தண்ணீர் ஊற்றினேன். அதை அவள் கவனித்திருக்க மாட்டாள்.

இரண்டு பேட்ச் நல்லபடியாகப் போயிற்று. ஒரு குறையும் சொல்லவில்லை. ஒரே ஒரு தடவை, ஒரு சாயங்காலம், "பொழுதோட காத்தாடி சோம்புதுங்க, மெதுவாச் சுத்துது" என்றாள். "அடுப்புச் சூடு குறைஞ்சா காத்தும் கம்மியாத்தான் வேணும். எல்லாம் ரோசனை பண்ணித்தான் வெச்சிருக்குது" என்றேன். அவளும் அத்தோடு விட்டுவிட்டாள்.

மூன்றாவது பேட்ச் வந்த அன்று முந்தின நாளே மழை பிடித்துவிட்டது. டிரான்ஸ்பார்மர் போய்விட்டது, சரிசெய்ய இரண்டு நாளாகும் என்றார்கள். காலையில் வேனில் குஞ்சு வந்து இறங்கியது. நான் கரி போட்டு, தொட்டியில் தண்ணீர் நிரப்பி, காத்தாடி ஓடுவதைப் பார்த்துவிட்டு, பதினோரு மணிக்குக் கிளம்பினேன். கரும்புக்காரர் ஒருவருக்கு அவசரமாக மோட்டார் கொடுக்க வேண்டியிருந்தது.

"மத்தியானம் சோத்துக்கு வந்துர்றேன்" என்றேன்.

"மெதுவா வாங்க, மழையா இருக்குது. நான் எங்க போகப்போறேன், இங்கதான இருக்கப்போறேன்."

மோட்டார் சொன்ன நேரத்துக்கு முடியவில்லை. மதியத் தண்ணீரை நான் மாற்றியிருக்க வேண்டிய நேரம் தாண்டிவிட்டது. ஒன்றும் ஆகாது, தொட்டி நிறைய இருக்கிறது, கொதித்தாலும் காத்தாடி மெதுவாகவாவது ஓடும் என்று கணக்குப் போட்டேன். இரண்டு மணிக்கு போன் செய்தேன். எடுக்கவில்லை. அவள் கொட்டகைக்குள் போனைக் கொண்டுபோக மாட்டாள், மணிச் சத்தத்தில் குஞ்சுகள் மிரண்டு ஒன்றன்மேல் ஒன்று ஏறுமாம். வெளியே கூரையடியில் நாற்காலியில் வைத்திருப்பாள். பத்து நிமிடம் கழித்துச் செய்தேன். பிறகு ஐந்து நிமிடம் கழித்து. ஆறாவது தடவை மணி அடித்து ஓய்ந்தபோது கரும்புக்காரரிடம் ஒன்றும் சொல்லாமல் வண்டியை எடுத்தேன். அவர் பின்னாலேயே ஏதோ கேட்டுக்கொண்டு வந்தார்.

மழை கண்ணில் அடித்தது. வாய்க்கால் ரோட்டில் எனக்கு முன்னால் ஒரு டிராக்டர் கரும்பு ஏற்றிக்கொண்டு அசைந்து அசைந்து போனது. ஒரு பக்கம் வாய்க்கால், ஒரு பக்கம் சேறு. ஒதுங்க இடமில்லை. ஹாரன் அடித்துக்கொண்டே போனேன். வாய் பாட்டுக்கு எங்கள் குலசாமியிடம் கிடா வேண்டிக்கொண்டிருந்தது. எத்தனை கிடா சொன்னேன் என்று கணக்கில்லை. அவள் தூங்கிக்கொண்டிருப்பாள், போன் சார்ஜ் இல்லாமல் போயிருக்கும், இல்லை, சார்ஜ் இல்லாவிட்டால் மணியே போகாதே, அப்படியானால் மழைச் சத்தத்தில் கேட்டிருக்காது. ஒவ்வொரு சமாதானத்தையும் நானே சொல்லி நானே உடைத்தேன். காத்தாடி ஓடும் என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டேன். அடுப்பு எரியும்வரை காத்தாடி ஓடும்.

மதகில் திரும்பினேன். சுவரில் சிவப்பு லைட் எரியவில்லை.

கரண்டு இல்லை, அதனால்தான் எரியவில்லை என்று ஒரு கணம் தோன்றியது. அந்த லைட்டுக்கும் கரண்டுக்கும் சம்பந்தமில்லை என்று எனக்குத் தெரியாதா? செய்தவன் நான்தானே. வண்டியை எங்கே போட்டேன் என்று நினைவில்லை. சேற்றில் செருப்பு போயிற்று.

படுதாவைத் தூக்கியதும் முகத்தில் சூடு அறைந்தது. ஈயம் உருகின நாற்றம். அது என் தொழிலில் தினம் மோக்கிற நாற்றம், அதனால் பார்க்காமலே தெரிந்துவிட்டது, சில்லுகள் வெந்துவிட்டன. காத்தாடி நின்றிருந்தது. ஆயிரம் குஞ்சு இருக்கிற இடத்தில் ஒரு சத்தம் இல்லை. என் மனைவி தீவன மூட்டையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். மடியில் வெல்லத் தண்ணீர்ச் சொம்பு கவிழ்ந்து கிடந்தது. கன்னம் இரண்டும் நல்ல சிவப்பாக, கல்யாணத்தன்று இருந்த மாதிரி இருந்தாள். தூங்குகிறாள் என்றே நினைத்தேன். தொட்டதும் தலை ஒரு பக்கமாகச் சரிந்தது.

மூச்சைப் பிடித்துக்கொண்டு கக்கத்தில் கை கொடுத்து இழுத்தேன். பாதி தூரத்தில் மூச்சை விட்டுவிட்டேன். கண் இருட்டியது. இங்கேயே இரண்டு பேரும் விழுந்தால் நாளைக்குத்தான் யாராவது வருவார்கள் என்று தெளிவாகத் தெரிந்தது. அந்தத் தெளிவுதான் என்னை வெளியே தள்ளியிருக்க வேண்டும். மழையில், சேற்றில் அவளைக் கிடத்தினேன். கன்னத்தில் தட்டினேன். "அம்மணி, அம்மணி, கண்ணு முழி சாமி, முழிச்சுக்கோ சாமி" என்று கத்தினேன். பக்கத்துக் கொடிக்காலில் இலை கிள்ளிக்கொண்டிருந்தவர்கள் ஓடிவந்தார்கள். வெற்றிலைக் கூடை ஏற்றுகிற குட்டி வேனில் கூடைகளை இறக்கிவிட்டு அவளை ஏற்றினார்கள்.

ஆஸ்பத்திரியில் அதே டாக்டர். அவளுக்கு ஆக்சிஜன் வைத்துவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தார். "உள்ள போய் இழுத்தது நீங்கதான? நீங்களும் உக்காருங்க, உங்களுக்கும் வெக்கணும்." அவர் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். திட்டவில்லை.

அவள் கண் திறக்க ஐந்து மணி ஆயிற்று. அதுவரை நான் அவள் மார்பு ஏறி இறங்குவதை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். ஓர் ஏற்றத்துக்கும் அடுத்ததற்கும் நடுவில் கொஞ்சம் தாமதமானாலும் எழுந்து நின்றுவிடுவேன். முழித்ததும் அவள் கேட்டது, "குஞ்சுக்குத் தண்ணி வெச்சனுங்களா?"

"வெச்சே. பேசாத படு."

"தொட்டித் தண்ணிதானுங்க வெச்சேன். தண்ணித் தட்டு கழுவறதுக்கும் அதையே எடுத்துக்கிட்டேன். சரியான பதமா இருந்துச்சு."

"தொட்டியில கொறஞ்சா மறுக்காத் தண்ணி ஊத்த வேண்டியதுதான அம்மணி?"

"பச்சைத் தண்ணி ஊத்துனா வெதுவெதுப்பு போயிருமுங்களே."

அவள் என் பக்கம் திரும்பினாள். "ஏனுங்க, தொட்டி காலியானா காத்தாடி நின்னுருமா?"

"நின்னுரும்."

"உங்களுக்குத் தெரியுமுங்களா?"

"தெரியும்."

அவள் கண்ணை மூடிக்கொண்டாள். லைன்மேனுக்குத் தெரியும், தீவனக் கடைக்காரருக்குத் தெரியும், பூசாரிக்குத் தெரியும். அடுப்புக்குப் பக்கத்தில் உட்காருகிறவளுக்கு மட்டும் நான் வெந்நீர் வருகிறது என்று சொல்லியிருந்தேன். கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுதேன். பக்கத்துக் கட்டிலில் இருந்த அம்மாள் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

குஞ்சுகளில் முக்கால்வாசி போய்விட்டன. மச்சினன் வந்து குழி தோண்டிப் புதைத்தான். பேட்டரியைப் பற்றி அவன் ஒரு வார்த்தை பேசவில்லை. அதற்காகவே அவன்மேல் எனக்கு மரியாதை வந்தது.

வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர் சொன்னார், இது சில பேருக்கு உடனே காட்டாது, சில வாரம் கழித்து ஞாபகம் தடுமாறும், நடை தடுமாறும், கவனமாகப் பாருங்கள் என்று. அவ்வளவுதான், எனக்குத் தூக்கம் போயிற்று. காலையில் எழுந்ததும் கேட்பேன், நேற்று என்ன குழம்பு, உன் தம்பி எப்போது வந்தான், இன்றைக்கு என்ன கிழமை. அவள் பின்னால் நடந்து கால் நேராக விழுகிறதா என்று பார்ப்பேன். ஒருநாள் ரசத்தில் உப்பு இரண்டு தடவை விழுந்துவிட்டது. நான் டம்ளரைக் கீழே வைத்துவிட்டேன்.

"நான் கல்யாணமான நாள்ல இருந்து இப்படித்தானுங்க உப்புப் போடறேன். உங்களுக்கு இப்பத்தான் தெரியுதா?" என்றாள். "தெனம் கேள்வி கேக்கறீங்க, நீங்க என்ன வாத்தியாருங்களா? மார்க்குப் போட்டுச் சொல்லுங்க, பாஸா பெயிலான்னு."

சிரித்தேன். சிரித்துவிட்டு, அவள் சொன்னது சரிதானா, முன்பும் அப்படித்தான் போட்டாளா என்று மறுபடி யோசித்தேன்.

தை பிறந்தது. அடுத்த பேட்ச் எடுக்கலாம் என்றாள். நான் கூடாது என்றேன். கரியே வேண்டாம், கோழியே வேண்டாம் என்றேன். "அந்தச் சில்லு ஒண்ணு கடையில வெச்சிருக்கறீங்களாமே. எல்லாத்துக்கும் காட்டுனீங்களாமே. எனக்கும் காட்டுங்க" என்றாள்.

மறுநாள் மதியம் கொண்டுவந்தேன். சமையலறைத் தரையில் உட்கார்ந்தோம். டிபன் டப்பாவில் பச்சைத் தண்ணீர், மேலே சில்லு, அதன் மேல் அவள் போட்ட டீ. லைட் எரிந்தது. அவள் முகத்தைக் கிட்டே கொண்டுபோய்ப் பார்த்தாள். இந்தப் பக்கம் சூடு, அந்தப் பக்கம் குளிர், வித்தியாசம்தான் கரண்டு என்று சொன்னேன். கடையில் சொல்கிற குரலில் சொல்ல வரவில்லை. லைட் மெல்ல மங்க ஆரம்பித்தது. அவள் டம்ளரைத் தொட்டுப் பார்த்தாள், டப்பாவைத் தொட்டுப் பார்த்தாள்.

"டப்பா இன்னும் சில்லுனுதான் இருக்குது. டீதான் ஆறிப்போச்சு. இப்பவும் நின்னுருமா?"

"நின்னுரும். சூடு குறைஞ்சாலும் வித்தியாசம் போயிருமில்ல."

லைட் அணைந்தது. அவள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்ப, தண்ணி நெறைய இருந்தாலும், அடுப்பு ஆறுனா காத்தாடி நின்னுருமுங்க."

"ஆமா."

"கரி நீறு பூத்து அடங்கற நேரத்துலதானுங்க எனக்கு எப்பவும் தலை இடிக்கும். நல்லா எரியறப்ப இடிக்காது. பொழுதோட, காத்தாடி சோம்பற நேரத்துக்கு."

அடுப்பு எரியவில்லை என்றால் காத்தாடி எதற்கு என்று நான்தான் கேட்டேன். எரிந்து அடங்குகிற கரிதான் அந்த வாயுவைக் கக்குகிறது. சரியாக அந்த நேரத்தில் நிற்கிற மாதிரி ஒரு காத்தாடியைச் செய்து, அதன் பக்கத்தில் அவளை உட்காரவைத்து, வெளியே வரவேண்டாம் என்றும் சொல்லியிருந்தேன். மழையில் தொட்டி காலியான அந்த ஒரு நாள் மட்டும் இல்லை. இரண்டு பேட்சிலும், கரி போட்ட ஒவ்வொரு சாயங்காலமும். அவள் ஒருமுறை சொல்லியும் இருந்தாள்.

"உனக்கு அப்பவே தலை இடிச்சுதா?"

"கொஞ்சமா இடிக்கும். காத்தாடிதான் இருக்குதேன்னு பேசாம இருந்துட்டேனுங்க."

அவள் டம்ளரைக் கையில் எடுத்து எழுந்தாள். "இது ஆறிப்போச்சுங்க. வேற டீ வெச்சுத் தாரேன்" என்று சொல்லிவிட்டு அடுப்பைப் பற்றவைத்தாள். நான் எழுந்து போய் ஜன்னலைத் திறந்தேன்.